ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

கொச்சியில் மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு வைட்டிலா தவிர்க்க முடியாத இடம். 2011-ல் திறந்த மொபிலிட்டி ஹப்பில் வெளியூர்ப் பேருந்துகள் வந்து ஆட்களை இறக்கிவிடுகின்றன. 2019 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. 2023 ஏப்ரல் 27 அன்று இங்கிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகு ஓடத் தொடங்கியது. அந்தக் காக்கநாட்டில்தான் 2004 முதல் இன்ஃபோபார்க் என்ற மென்பொருள் பூங்கா இருக்கிறது. அங்கே நிரல் எழுதுகிறவர்களோடு, எழுதிய நிரலைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். டெஸ்டர்கள்.

ஒரு காலத்தில் டெஸ்டர் என்றால் ஒவ்வொரு பொத்தானையும் தானே அழுத்திப் பார்க்கிறவர். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை நிரல்களே செய்கின்றன. வங்கிச் செயலியில் ஒரு வரி மாறினால், பழையபடி பணம் போகிறதா, தவறான கடவுச்சொல்லை ஏற்காமல் திருப்பி அனுப்புகிறதா, இருப்புக்கு மேல் எடுக்க விடாமல் தடுக்கிறதா என்று நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில், டெஸ்ட் கேஸ்கள் தாமாக ஓடும். புதிய மாற்றம் பழையதைக் கெடுத்துவிட்டதா என்று மொத்தத்தையும் ஓட்டிப் பார்ப்பதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். பெரிய திட்டங்களில் அது முடிய மணிக்கணக்கில் ஆகும். மாலையில் ‘ரன்’ கொடுத்துவிட்டுக் காலையில் வந்து முடிவைப் பார்க்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு.

சிக்கல் இந்த இடைவெளியில்தான். ரன் கொடுத்தாயிற்று. திரையில் ஒன்றும் வரவில்லை; கர்சர் மட்டும் மினுங்குகிறது. பத்து நிமிடம் ஆகிறது, இருபது ஆகிறது. சோதனை ஓடிக்கொண்டிருக்கிறதா, தரவுத்தளம் பதில் தராமல் ஏதோ ஓரிடத்தில் ‘ஹேங்’ ஆகிவிட்டதா, அல்லது தொடங்கவே இல்லையா? நிறுத்தினால், முக்கால்வாசி முடிந்திருந்த ஓட்டம் வீணாகும். காத்திருந்தால், மூன்றாவது டெஸ்ட் கேஸிலேயே அது நின்றுபோன சேதி இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரியவரும். இதைப் பொறுமையில்லாத ஊழியரின் புலம்பலாக எடுத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் குறை சோதனையை எழுதிய விதத்தில் இருக்கிறது. நீண்ட நேரம் ஓடும் எந்தச் சோதனையும் தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். அப்படிச் சொல்லாத சோதனையை முழுமையாக எழுதி முடித்த சோதனை என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. வைட்டிலாவின் தலைக்கு மேல் போகும் மெட்ரோ ரயில்களே அப்படித்தான் ஓடுகின்றன. தகவல்தொடர்பை அடிப்படையாகக் கொண்ட ரயில் கட்டுப்பாட்டு முறையை நாட்டிலேயே முதலில் பயன்படுத்திய மெட்ரோ கொச்சியுடையது. இந்த முறையில் ரயில் தன் இருப்பிடத்தைக் கணித்து ரேடியோ வழியாகத் தரைக் கருவிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் பின்னால் வரும் ரயில் எதுவரை முன்னேறலாம் என்று முடிவாகிறது. ஒரு ரயிலிடமிருந்து குறித்த நேரத்துக்குமேல் சேதி வராவிட்டால், ‘எல்லாம் நலமாகத்தான் இருக்கும்’ என்று அந்த அமைப்பு நினைத்துக்கொள்வதில்லை. ஆபத்து என்றே கொண்டு பிரேக் போடவைக்கும். அந்த ரயிலில் வந்து இறங்கி அலுவலகம் போகிறவர் எழுதும் சோதனை நிரலோ, அரை மணி நேரம் வாய் திறக்காமல் கிடந்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மென்பொருளாளர்களுக்கு இந்த மௌனப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபு அது. வேலை சரியாக முடிந்தால் நிரல் எதுவும் சொல்லத் தேவையில்லை. தவறு நடந்தால் மட்டும் பேசினால் போதும். அன்று அதற்கு நியாயம் இருந்தது. நிரலின் வெளியீட்டைக் காகிதத்தில் அச்சிடும் டெலிடைப் கருவிகள் மெதுவானவை. ஒரு நிரலின் வெளியீடு இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும்போது நடுவில் வீண் பேச்சு வந்தால் கணக்கே கெடும். ஒரு நொடியில் கோப்பை நகலெடுத்து முடிக்கும் நிரலுக்கு இன்றும் அந்த அடக்கம் பொருத்தம்தான். ஒரு மணி நேரம் ஓடும் சோதனைக்கு அது பொருந்தாது. அங்கே மௌனம் என்றால் ஓடுகிறது என்றும் கொள்ளலாம், சிக்கிக்கொண்டது என்றும் கொள்ளலாம், செத்துவிட்டது என்றும் கொள்ளலாம்.

யூனிக்ஸ் உலகத்துக்குள்ளேயே இதற்கு மாற்றும் பிறந்தது. 1987 டிசம்பரில் லாரி வால் பெர்ல் மொழியை வெளியிட்டபோது அதன் சோதனைகளுக்கு ஓர் எளிய பேச்சுமுறையை வைத்திருந்தார். முதலில் ‘1..40’ என்று ஒரு வரி: நாற்பது சோதனைகள் வரப்போகின்றன என்று அதற்குப் பொருள். பிறகு ஒவ்வொன்று முடியும்போதும் ‘ஓகே 1’, ‘ஓகே 2’, ‘நாட் ஓகே 3’ என்று ஒரு வரி. பார்க்கச் சாதாரணமாகத்தான் தெரியும். அந்த முதல் வரியின் மதிப்பு, ஓட்டம் பாதியில் அறுந்து போகும்போது விளங்கும். முப்பத்தேழு ஓடி, முப்பத்தேழும் பாஸ் ஆகி, நிரல் செத்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் ‘எல்லாம் பாஸ்’ என்று அறிக்கை போய்விடும். சொல்லியிருந்தால், மூன்று காணோம் என்று ஓட்டிப் பார்க்கும் கருவியே கண்டுபிடித்துவிடும். ‘டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால்’ என்ற பெயரில் இந்த முறை இன்றும் பல மொழிகளில் புழங்குகிறது.

1997-ல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானப் பயணத்தில் ஜாவா மொழிக்கான ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். அதன் எழுத்துத் திரை வடிவம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புள்ளி வைக்கும். பைத்தான்காரர்களின் பைடெஸ்ட்டும் அதே வழிதான்: பாஸ் ஆனால் புள்ளி, ஃபெயில் ஆனால் ‘எஃப்’, விட்டுவிட்டால் சிறிய ‘எஸ்’. 2017 நவம்பரில் வந்த 3.3 பதிப்பிலிருந்து புள்ளிகளின் ஓரத்தில் எத்தனை சதவீதம் முடிந்தது என்றும் காட்டுகிறது. ஆக, கருவிகள் இல்லை என்ற சாக்குக்கு இடமில்லை. கருவி இருந்தும் அதை அமைதியாக்கி வைப்பதும், ஒரே டெஸ்ட் கேஸுக்குள் இருபது நிமிட வேலையைத் திணித்துவிட்டு அதற்கு ஒரே ஒரு புள்ளி வைப்பதும்தான் நடைமுறையில் காணும் நோய்.

காத்திருப்பவரின் மனநிலை பற்றி ஆய்வு இல்லாமல் இல்லை. 1985-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிராட் மையர்ஸ், எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை கணினி பயன்படுத்துவோருக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில், கணினியோடு தொடர்பில்லாத மேலாண்மைத் துறையிலிருந்து டேவிட் மைஸ்டர் வரிசையில் நிற்போரின் உளவியலை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, சொன்னதைவிட நீளமாகத் தோன்றும் என்றார். எப்போது வரும் என்று தெரியாத பேருந்துக்காக நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சோதனையின் முன்னேற்றச் சேதியை மன ஆறுதல் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அது முடிவெடுக்க உதவும் தகவல். நிறுத்தலாமா, விடலாமா, வீட்டுக்குப் போகலாமா, எந்தப் பகுதிக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை.

இதற்கு நல்ல சான்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக்கலமான டிவி-டி1 கிளம்ப வேண்டும். விண்வெளி வீரர்களை ஆபத்தில் காப்பாற்றும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும், ஆளில்லாத சோதனை அது. வானிலையால் நேரம் தள்ளிப்போய், காலை 8.45-க்குக் குறித்திருந்தார்கள். கடைசி நிமிடங்களை மனிதர்கள் கையாள்வதில்லை. கணினி ஒவ்வொரு அளவையும் சரிபார்த்துக்கொண்டே எண்ணி இறங்கும். ஐந்து விநாடி இருக்கும்போது அது தானாக நின்றது. இஞ்சின் பற்றவில்லை, கலம் பத்திரமாக இருக்கிறது, என்ன நடந்தது என்று பார்க்கிறோம் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சிறிது நேரத்தில் நேரலையிலேயே சொன்னார். கண்காணிப்பில் ஏற்பட்ட பிசகு கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. காலை 10 மணிக்குக் கலம் கிளம்பி, சோதனை வெற்றியாக முடிந்தது.

ஐந்து விநாடியில் நின்ற ஓட்டம் ஒன்றேகால் மணி நேரத்தில் மறுபடி கிளம்ப முடிந்ததென்றால், எந்தப் படியில் எதனால் நின்றது என்று கணினி பதிவு வைத்திருந்ததுதான் அதற்கு அடிப்படை. ‘ஃபெயில்’ என்று ஒரு சொல்லை மட்டும் காட்டிவிட்டு அது அணைந்திருந்தால், கலத்தை ஏவுதளத்திலிருந்து இறக்கித்தான் தேடியிருக்க வேண்டும்.

சோதனைகள் தொலைவிலுள்ள கிளவுட் கணினிகளுக்குப் போன பிறகு இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிவிட்டது. அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. டிராவிஸ் சிஐ என்ற சேவை இதற்கு ஒரு கறாரான விதி வைத்தது: பத்து நிமிடம் எந்த வெளியீடும் வராத ஓட்டத்தைச் சிக்கிக்கொண்டதாகக் கருதி நிறுத்திவிடும். கூகுளின் கோ மொழியில் சோதனைக் கட்டளைக்கே பத்து நிமிட வரம்பு உண்டு. தாண்டினால் ஓட்டத்தை முறித்து, எந்தெந்த வேலை எங்கே நின்றது என்று முழுப் பட்டியலையும் கொட்டும். டிராவிஸைப் போன்ற சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நீங்களாக வரம்பு வைக்காவிட்டால், சிக்கிய ஒரு ஜாப் ஆறு மணி நேரம் வரை கிடக்கலாம். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் அந்த மௌனத்துக்கும் பில் வரும்.

டிராவிஸின் விதிக்கு ஒரு குறுக்கு வழியும் முளைத்தது. நீண்ட கட்டளைகளுக்காக அந்தச் சேவையே கொடுத்த துணைக் கட்டளை, நிமிடத்துக்கு ஒருமுறை ‘இன்னும் ஓடுகிறது’ என்று ஒரு வரி எழுதும். உள்ளே இருக்கும் சோதனை உறைந்து போயிருந்தாலும் வெளியே இருக்கும் துணை நிரல் தன் வரியை எழுதிக்கொண்டே இருக்கும். அந்த வரி சொல்வதெல்லாம் கடிகாரம் ஓடுகிறது என்பது மட்டும்தான். முன்னேற்றச் சேதி வேலை நடக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். ஒரு படி முடிந்தால் மட்டும் வர வேண்டும். வாசலில் ஆளை நிறுத்தி ‘உள்ளே எல்லாம் நடக்கிறது’ என்று சொல்ல வைப்பது மௌனத்தைவிட மோசம், ஏனென்றால் மௌனத்தைப் பார்த்தாவது சந்தேகம் வரும்.

நேர்மையாக எழுதிய சேதியும் வழியில் தங்கிவிடுவதுண்டு. நிரலின் வெளியீடு நேராகத் திரைக்குப் போனால் வரிக்கு வரி வெளியே வரும். கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ போனால், சில ஆயிரம் எழுத்துகள் சேரும் வரை இடைநினைவகத்தில் தேங்கி, பிறகு மொத்தமாக வரும். சொந்தக் கணினியில் அழகாக ஒவ்வொன்றாக வந்த புள்ளிகள் கிளவுடில் பத்து நிமிடம் காணாமல் போய்க் கொத்தாக வருவது இதனால்தான். அந்த நேரத்தில் நிரல் கொல்லப்பட்டால் தேங்கியவை அப்படியே தொலையும். ஓட்டப் பதிவான லாகில் தெரியும் கடைசி வரி, உண்மையில் நடந்த கடைசிப் படியாக இருக்காது. தவறான டெஸ்ட் கேஸைச் சந்தேகித்து ஒரு நாளைத் தொலைத்தவர்கள் எல்லா நிறுவனங்களிலும் இருப்பார்கள். பைத்தானில் இதற்கு ஒரே ஒரு சூழல் மாறியை வைத்தால் போதும். பல அணிகள் அதைக்கூட வைப்பதில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் வலு இருக்கிறது. பேசச் சொன்னால் நிரல்கள் பேசித் தீர்த்துவிடும். ஐம்பதாயிரம் வரி லாகில் ஒரே ஒரு ஃபெயிலைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதைதான். சேதி காட்டுவதற்கும் செலவு உண்டு: 2016 தொடக்கத்தில், என்பிஎம் என்ற பொதி நிறுவியில் முன்னேற்றப் பட்டையை அணைத்துவிட்டால் நிறுவும் வேலை கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமாகிறது என்று நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஓடும் வேலையைவிட ஓடுவதைக் காட்டும் வேலை பெரிதாகிவிட்ட கதை அது.

சேதி இருந்தும் பயனில்லாமல் போனதற்கு நைட் கேப்பிட்டல் உதாரணம். 2012 ஆகஸ்ட் 1 காலை, அந்த அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனத்தின் ஒரு சர்வரில் மட்டும் பழைய நிரல் தங்கிவிட்டது. சந்தை திறக்கும் முன்பே அதன் கணினி அமைப்பு பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்ற முறையில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. யாரும் அவற்றைக் கவனித்துச் செயல்படவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அளவாகவும் பார்க்க வேண்டியவர் கண்ணில் படும்படியும் பேசாத நிரல், பேசியும் பேசாததற்குச் சமம்.

எனவே எவ்வளவு பேச வேண்டும் என்பதைவிட எதைப் பேச வேண்டும் என்று கேட்பது மேல். காத்திருப்பவருக்குத் தேவை மூன்றே தகவல்கள். மொத்தம் எத்தனை, அதில் எத்தனை முடிந்தது. இப்போது ஓடுவது எது. அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது. பாஸ் ஆன சோதனைகளின் உள் விவரம் யாருக்கும் வேண்டியதில்லை. பைடெஸ்ட் இதை முன்பே புரிந்துகொண்டிருக்கிறது: சோதனை எழுதுவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு, ஃபெயில் ஆனவற்றுடையதை மட்டும் கடைசியில் காட்டும்.

வெறும் சதவீதத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. ஆயிரம் சோதனைகளில் 950 ஒரு நிமிடத்தில் முடிந்து, மீதி 50 ஒரு மணி நேரம் எடுத்தால், பட்டை 95 சதவீதத்துக்கு ஓடிப்போய் அங்கேயே குந்திவிடும். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் ஏமாந்து போகிறார். சதவீதத்தின் பக்கத்தில் இப்போது ஓடும் சோதனையின் பெயரும் அது எடுத்துக்கொண்ட நேரமும் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. பெயர் என்றால் பெயராக இருக்க வேண்டும். ‘டெஸ்ட் 017’ என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. ‘காலாவதியான அட்டையில் பணம் எடுக்க முடியாது’ என்று இருந்தால், நள்ளிரவில் லாகைத் திறக்கும் புதிய ஊழியருக்கும் எங்கே தேடுவதென்று தெரியும். திரைக்கு ஒரு விதம், லாகுக்கு ஒரு விதம் என்று பிரிப்பதும் நல்லது: திரையில் ஒரே வரி மாறி மாறி வரலாம், லாகில் அப்படிச் செய்தால் குப்பையாகும், அங்கே சில நிமிடத்துக்கு ஒரு முழு வரி போதும்.

இதெல்லாம் பெரிய செலவு இல்லை. அரை நாள் வேலை. ஆனாலும் நடப்பதில்லை, காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. சோதனையை எழுதுகிறவர் ஒருவர், அது ஓடி முடியக் காத்துக் கிடப்பவர் இன்னொருவர். முன்னவர் பெரும்பாலும் மூத்தவர். பின்னவர் போன ஆண்டு கல்லூரி முடித்து வந்தவர். ‘ரன் கொடுத்துவிட்டுப் பார்த்துச் சொல்’ என்ற ஒரு வரி உத்தரவில், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று உத்தரவிட்டவர் யோசிப்பதில்லை. நிரலை மறுபார்வை செய்யும்போது சோதனை சரியான முடிவைத் தருகிறதா என்று பார்க்கிற மேலாளர்கள், அது நின்றுபோனால் என்ன சொல்லும் என்றும் கேட்க வேண்டும்.

வாங்குகிற தரப்புக்கும் இதில் பொறுப்பு உண்டு. அரசுத் துறைகள் மென்பொருளைக் கையேற்கும்போது ‘அனைத்துச் சோதனைகளும் வெற்றி’ என்ற ஒரு வரிச் சான்றோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. திட்டமிட்டவை எத்தனை, உண்மையில் ஓடியவை எத்தனை, விட்டுவிட்டவை எத்தனை, ஒவ்வொன்றும் எடுத்த நேரம் என்ன என்ற பதிவை, ஓட்டத்தின்போது எழுதப்பட்ட வடிவிலேயே கேட்கலாம். முன்னேற்றச் சேதியை ஒழுங்காக எழுதும் அணியிடம் இந்தப் பதிவு தானாகவே இருக்கும்; மற்றவர்கள் அதற்காக உட்கார்ந்து எழுத வேண்டிவரும். கேரளமும் தமிழ்நாடும் தங்கள் ஒப்பந்தப் புள்ளிகளில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், காக்கநாட்டிலும் சென்னைத் தரமணியிலும் உள்ள நிறுவனங்கள் அடுத்த திட்டத்திலிருந்தே தங்கள் சோதனைகளைப் பேச வைத்துவிடும்.